பன்னிரண்டு தகரம்

ஜுனைதீன் நானாவின் மாட்டுவண்டி தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு முன்னால் நின்றதும், இராக்கம்மா கைப்பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு முதல் ஆளாகப் போனாள். இறக்கிய தகரம் ஒன்றைச் சுவரில் சாய்க்கச் சொல்லி, அதன் அடியில் குனிந்து வெயிலைப் பார்த்தாள். பழைய ஆணி ஓட்டைகள் வரிசையாக வெளிச்சத்தைக் கசியவிட்டன. சில ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்திருந்தது. அந்தத் தாரையும் அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். காப்பிச் செடிகள் நோய் விழுந்து செத்தபின் சும்மா கிடந்த ஒரு ஸ்டோரின் கூரை அது. பதுளையில் கடை வைத்திருந்த ஜுனைதீன் அதை ஏலத்தில் எடுத்து, தேயிலைக்கு மாறிவிட்ட தோட்டங்களில் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மேல் லயத்துக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்திருந்தார். கீழ் லயம் என்றைக்கிருந்தாலும் இடிக்கப்போவது, வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மக்கிப்போன மானாப்புல் கூரையின் கீழ் இன்னொரு ஐப்பசி மழையைத் தாங்க முடியாது. ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பன்னிரண்டு தகரம். தகரம் ஒன்று ஒரு ரூபாய்.

"இத்தன ஓட்டைக்கு ஒரு ரூபாயா நானா?"

"ஓட்டைக்குக் காசு எடுக்கல்ல தங்கச்சி. அதச் சும்மாதான் தாறன்" என்றார் ஜுனைதீன்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடி வெள்ளிக் காப்பை எடுத்தாள். மகள் நல்லம்மாவின் காப்பு. ஆனி மாதம் இறந்துபோன பதினைந்து வயதுப் பெண்ணின் கையிலிருந்து கழற்றி, துணியில் பொதிந்து, புருஷன் மாடசாமி கொண்டுவந்து கொடுத்தது. விற்பதற்கு மனம் ஒரு மாதமாக முரண்டு பிடித்தது. நேற்றுப் பெய்த தூறலில் கைப்பிள்ளையின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தபோதுதான் முடிவு செய்தாள்.

ஜுனைதீன் காப்பைத் தொடவில்லை. "உங்கட காம்பராவுக்குக் கங்காணியார் பொறுப்பெடுத்திட்டார். அரைவாசி வந்தும் சேர்ந்திட்டுது. உங்களுக்குச் சொல்லல்லையா?"

தம்பையா கங்காணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கொடுத்தால்கூட மறுநாள் அதை ஞாபகப்படுத்தும் மனிதர். தன் கீழ் இருக்கும் ஆட்களில் எத்தனை பேரை வேலைக்கு இறக்குகிறாரோ அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. அந்தக் காசை விட்டுக்கொடுத்ததாக ஒரு கதையும் கிடையாது. அவர் எதற்கு இவள் கூரைக்குப் பொறுப்பேற்க வேண்டும்? இராக்கம்மா காப்பை மறுபடி முடிந்துகொண்டாள். கிடைத்தது லாபம் என்று அவளால் வீட்டுக்குள் போக முடியவில்லை. யாரோ அவளுக்குத் தெரியாமல் அவளுடைய எதையோ எடுத்து விற்றுவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் விற்பதற்கு அவளிடம் என்ன இருந்தது?

சாயங்காலம் மாடசாமி சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். "கங்காணி எதுக்குங்க நமக்குத் தகரம் குடுக்குறாரு?"

"குடுக்கல. அப்புறம் கழிச்சுக்குவாரு."

"எதுல கழிப்பாரு? உங்க சம்பளம் அரிசிக்கே பத்தல. நான் பிள்ளை பெத்து உக்காந்திருக்கேன்."

"எல்லாம் பாத்துக்கலாம் புள்ள. கொழம்பு ஊத்து."

அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சோற்றில் கல் இருப்பதுபோல் ஒவ்வொரு பருக்கையாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். கங்காணிக்காக அக்கரைச் சொந்த ஊருக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வர ஒத்துக்கொண்டுவிட்டானா, தன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கப்பலேறப் போகிறானா? இல்லை, கங்காணியின் கண் தன்மேல் விழுந்துவிட்டதா? இதை நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஐந்து பெற்று மூன்றைச் சின்னதிலேயே பறிகொடுத்த உடம்பு, வயிறு தளர்ந்து, முன்பல் இரண்டு போய். யார் பன்னிரண்டு ரூபாய் கொடுப்பார்கள்?

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கதவைத் திறந்தால் பூட்டி வைத்த வேறொரு கதவும் தானாகத் திறந்துகொள்ளும். இராக்கம்மா பூட்டி வைத்திருந்தது ஆனி மாதத்தை. நல்லம்மா ஹாலிஎலப் பக்கத் தோட்டத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் என்று ஆள் வந்தது. ஏழாம் நாள் முடிந்துவிட்டது என்று ஆள் வந்தது. இராக்கம்மாவுக்கு அப்போது ஏழு மாதம், வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாதென்று லயத்துப் பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மாடசாமி மட்டும் போனான். மண் போட்டுவிட்டு வந்தான். பெற்றவள் முகம் பார்க்கவில்லை. பிரசவத்துக்கு முந்திய நாட்களில் அவள் படுத்துக்கொண்டு யோசிப்பாள்: நிஜமாகவே செத்தாளா? யாருடனாவது போய்விட்டதை மறைக்கத் தகப்பன் கட்டிய கதையா? காப்பைக் கழற்றி வருவது என்ன பெரிய காரியம்? இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். ஆனாலும் அந்த நினைப்பில் ஒரு சூடு இருந்தது. பொய்யாக இருந்தால் பெண் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் அல்லவா.

தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போனால் பேச்சு நின்றது. முதல் நாள் தற்செயல் என்று விட்டாள். மூன்றாம் நாள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "என்னா, நான் வந்தா மட்டும் எல்லாருக்கும் தொண்ட அடைச்சுக்குதா?"

பக்கத்துக் காம்பராப் பெரியாயி சத்தமாகச் சிரித்தாள். "ஓங்கூரையப் பத்தித்தான் பேசினோம் ஆத்தா. நீ இனி மேல் லயத்துக்காரி. எங்களோட பேசுவியோ மாட்டியோன்னு பயம்." சொல்லிவிட்டு அவசரமாகக் குடத்தைக் கழுவத் தொடங்கினாள். குடம் ஏற்கனவே கழுவியிருந்தது.

கூரை ஏறியது. மற்றவர்கள் பழைய ஓட்டைகளில் சாக்குத் துணியும் தாரும் அடைத்துக்கொண்டிருக்க, இராக்கம்மாவின் தகரங்களுக்கு மட்டும் கங்காணி புது ஆணியும் ஆணிக்கடியில் வைக்கும் ஈயவில்லையும் அனுப்பியிருந்தார். கார்த்திகை மழை பிடித்தபோது லயம் முழுக்கச் சட்டிகளில் தண்ணீர் சொட்டும் சத்தம். இவள் காம்பராவில் தரை காய்ந்திருந்தது. பிள்ளை நெஞ்சுச் சளி இல்லாமல் தூங்கியது. இராக்கம்மா விழித்தபடி கிடந்து, ஒழுகுகிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிள்ளைக்கு மூன்று மாதம் நிறைந்த மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையைக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் விட்டுவிட்டு, கம்பளியை முக்காடிட்டுக்கொண்டு, விடியற்காலை இருட்டில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணும் பெரட்டுக்களத்துக்குப் போனாள். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை லாந்தர் வெளிச்சத்தில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களைக் கூப்பிட்டார்.

"இராக்கம்மா."

"இருக்கேங்க."

"நல்லம்மா."

வரிசையில் ஒருவரும் அசையவில்லை. தம்பையா கங்காணி தொண்டையைச் செருமினார். "அது முன்னாலயே மலைக்குப் போயிருச்சுங்க" என்றார். கணக்கப்பிள்ளை பென்சிலை நாக்கில் தொட்டுக் கோடு போட்டார். அடுத்த பெயருக்குப் போனார்.

இராக்கம்மா திரும்பி மலையைப் பார்த்தாள். புத்தி எதையும் சொல்வதற்கு முன் கண் போய்விட்டது. பனி மூடிய சரிவில் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு யாராவது ஏறுகிறார்களா என்று தேடினாள். யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் காலடியைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

கொழுந்து பறிக்கும்போது பெரியாயியின் நிரைக்குப் பக்கத்து நிரையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன நாளா?"

"ஆனியிலேருந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன. எல்லா வாய்க்குள்ளயும் கங்காணி அரிசிதானே போகுது" என்றாள் பெரியாயி. அடுத்த செடியில் கை வைத்துக்கொண்டே, "நீ பச்ச ஒடம்புக்காரி. எப்பிடிடி சொல்றது?" என்றாள்.

எல்லாம் இப்போது தெளிவாக இருந்தது. பெண் வேறு தோட்டத்தில் செத்தாள். இங்கே ஆபீசுக்குச் செய்தி போகவில்லை. துரைக்கு ஆட்களின் முகம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். செத்தவளை ஒவ்வொரு நாளும் வேலைக்கு அனுப்பி, அந்தச் சம்பளத்தில் பாதியைக் கங்காணி எடுத்துக்கொண்டார். மீதிப் பாதி தகரமாகித் தலைக்கு மேல் நின்றது.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பு மூட்டவில்லை. மாடசாமி உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது. சுவரோரம் குந்தினான்.

"தகரக் காசு தீர்ந்ததும் எடுத்துருவாங்க. தை பொறந்ததும் பேர வெட்டிருவாங்க" என்றான்.

"பேர வெட்டுறதுக்கு நீங்க யாரு, வச்சிருக்கிறதுக்கு நீங்க யாரு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ விட்டிருப்பியா? பிள்ள நனைஞ்சு இதுவும் போயிருந்தா?" அவன் கையால் முகத்தைத் தேய்த்தான். "மொதல்ல நான் ஒத்துக்கல இராக்கு. மண்ணு போட்டுட்டு வந்து மறுநாள் பெரட்டுக்குப் போறேன், கணக்கப்பிள்ள வழக்கம்போலக் கூப்பிடுறாரு. நல்லம்மா. செத்துப்போச்சுங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். கங்காணி முந்திக்கிட்டாரு. நான் சும்மா நின்னுட்டேன். அதுக்கப்புறம் தெனம் ஒருதரம் அந்தப் பேரக் கேக்கறதுக்காகவே எந்திரிச்சுப் போனேன். நம்ம ரெண்டு பேரும் வீட்டுல அதச் சொல்றதே இல்லியே."

இராக்கம்மா அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறானா? அல்லது தன் வாயை அடைக்க எந்தச் சொல் போதும் என்று ஐந்து மாதமாக யோசித்து, சரியாக அதையே கண்டெடுத்து வந்திருக்கிறானா? பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனைப் பற்றி இதைத் தீர்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. நாளைக்குத் துரையே பெரட்டுக்கு வரும் நாள். அவர் முன்னால் வாயைத் திறந்தால் கங்காணியோடு மாடசாமியும் போலீசுக்குப் போவான். தகரம் இறங்கும். பிள்ளை மேல் மழை விழும். திறக்காவிட்டால், தான் முகம் பார்க்காமல் விட்ட பெண்ணைத் தானே தினமும் மலைக்கு ஏற்றி அனுப்ப வேண்டும்.

மறுநாள் யாரும் எழுப்பாமலே எழுந்தாள். வழக்கத்தைவிட வேகமாகப் பெரட்டுக்களத்துக்கு நடந்துகொண்டிருந்தவள் பாதி வழியில் நின்றாள். எதற்கு இந்த அவசரம்? சொல்லிவிடவா, அந்தப் பேரைக் கேட்கவா? புருஷனைச் சந்தேகப்பட்டது போதாதென்று இப்போது தன் கால்களையே அவளால் நம்ப முடியவில்லை.

துரை தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளைக்குப் பின்னால் நின்றார். மாடசாமி ஆண்கள் வரிசையில் தலையைக் குனிந்திருந்தான். இராக்கம்மா தன் இடத்தில் போய் நின்றபோதுதான் கவனித்தாள். பெரியாயி அவளை ஒட்டி நிற்கவில்லை. ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு நடுவில் இடம் விட்டிருந்தாள். அடுத்த வரிசைப் பெண்களும் அந்த இடத்தை மிதிக்காமல் விலகியே நின்றார்கள்.

"இராக்கம்மா."

"இருக்கேங்க."

"நல்லம்மா."

இன்றைக்குக் கங்காணி உடனே பதில் சொல்லவில்லை. அவர் இராக்கம்மாவைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையின் பென்சில் தாளுக்கு மேல் நின்றது. துரை யாரும் பேசாததைக் கண்டு தலையை நிமிர்த்தினார்.

இராக்கம்மா வாயைத் திறந்தாள். அந்தக் குளிரில், சொல்லுக்கு முன்னால் மூச்சு வெள்ளையாய் வெளியே வந்து, அவளுக்கும் பெரியாயிக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் கலையாமல் நின்றது.