இரண்டாயிரம் மீட்டரும் இரண்டு பூட்டும்

முதல் குழுவில் பன்னிரண்டு பெண்கள் ஓடினார்கள். பத்து நிமிடத்துக்குள் ஐந்து சுற்றை முடித்தவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்ததைப் பார்க்கப் பார்க்க ஹென்ரிகேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளையாட்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இருபத்திரண்டு வருடமாகச் சுற்று எண்ணிப் பட்டியல் எழுதுகிறவள் அவள். நீச்சலோ உயரத் தாண்டலோ, வேறு ஏதாவது ஒன்றில் கோட்டை விட்டாலும் மன்னிப்பு உண்டு. இந்த ஓட்டத்துக்குக் கிடையாது.

"விளையாட்டு டீச்சர் ஆகப்போறாங்களாம்! மாடிப்படி ஏறினாலே இதுங்களுக்கு மூச்சு வாங்கும்."

"கொரோனா, ஹென்ரிகே," என்றார் கடிகாரம் பிடிக்கும் டெட்லெஃப். "ஒரு வருஷமா கிளப்பெல்லாம் மூடிக் கிடந்துச்சே."

"காலையுமா மூடி வெச்சாங்க? காடு இருந்துச்சு, ரோடு இருந்துச்சு. எதுக்கெடுத்தாலும் கொரோனா!"

இரண்டாவது குழுவுக்கு எண் அட்டை கொடுக்கும்போது ஆரஞ்சுக் காலணி போட்ட ஒரு பெண் நகராமல் நின்றாள். பட்டியலில் அவள் பெயர் ஃபென்யா.

"என்னை ஞாபகம் இருக்கா மேடம்? போன வருஷம் ஏப்ரல், காலைல ஆறு மணி. பூட்டின கேட்டோட இடுக்குல நுழைஞ்சு இங்க ஓடிக்கிட்டிருந்தேன். போலீசைக் கூப்பிடுவேன்னு கத்தித் துரத்தினீங்க. மறுநாள் கேட்டுல ரெண்டாவது பூட்டு, இடுக்கே இல்ல."

ஹென்ரிகேவுக்கு அந்தக் காலணி ஞாபகம் வந்தது. மைதானத்தை மூடச் சொன்னது நகராட்சி, சாவி இவளிடம். ஒரு பூட்டு போதாது என்று தோன்றியது மட்டும் இவளுக்கு.

"காட்டுல போய் ஓடியிருக்கலாமே?"

"அம்மா நர்ஸ், வீட்டுக்கே வரமாட்டாங்க. ஸ்கூல் இல்லாம தம்பிங்க ரெண்டு பேர் என் தலைல. அதோ அந்த மஞ்சள் வீடுதான். இங்க ஓடினா ஜன்னல் தெரியும், அவனுங்க கூப்பிட்டாக் கேக்கும். நீங்க பூட்டினப்புறம் வீட்டு நடையிலயே ஓடினேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால கீழேர்ந்து தளத்தை இடிக்கிற வரைக்கும்."

புகார்கூட இல்லை அவள் குரலில். அதுதான் ஹென்ரிகேவை இன்னும் எரிச்சலாக்கியது. இந்தப் பெண் மீது கோபம், நகராட்சி மீது கோபம், கீழ்வீட்டுக்காரன் மீது கோபம். எல்லாவற்றையும் விட அந்த இரண்டாவது பூட்டின் மீது.

நான்கு சுற்றுவரை ஃபென்யா சமாளித்தாள். கடைசிச் சுற்றில், எதிர்ப்பக்கத்தில், தோள் தொங்கியது, கால் பின்னியது. இப்படியே வந்தால் ஐந்தாறு வினாடி தாமதம், நிச்சயம்.

ஹென்ரிகே பட்டியலைப் போட்டுவிட்டுப் புல்வெளியின் குறுக்கே ஓடினாள்.

"கையை வீசுடி! தலையைத் தூக்கு! இப்ப நின்னே, கொன்னுடுவேன்!"

ஐம்பத்தெட்டு வயதில் தடத்தின் உள்விளிம்போடு நூறு மீட்டர் கூடவே ஓடினாள். விலாவில் பிடித்துக்கொண்டது. ஃபென்யா அவளைத் தாண்டிப்போய் முடிவுக் கோட்டில் விழுந்தாள்.

"ஒம்பது அம்பத்தெட்டு!" என்று கத்திய டெட்லெஃப், உடனே குரலைத் தாழ்த்தினார். "ஹென்ரிகே, வெளியாள் யாராவது கூடவே ஓடினா…"

"தகுதியிழப்பு. தெரியும்."

தெரியாமல் என்ன? ஏழு வருடத்துக்கு முன்பு ஓர் அப்பா, ஓடும் மகள் கூடவே சைக்கிள் ஓட்டி வந்தபோது, தேர்வுக் குழுக் கூட்டத்தில் எல்லோரோடும் சண்டை பிடித்து அந்த விதியைச் சேர்த்ததே அவள்தான். தன் வாயையும் காலையும் ஒருசேரத் திட்டிக்கொண்டாள்.

"நான் எதையும் பாக்கலை," என்றார் டெட்லெஃப். "ஆனா மைதானமே பாத்துச்சு. குறிப்புல ஏதாவது எழுதித்தான் ஆகணும்."

ஃபென்யா முழந்தாளிட்டபடி இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹென்ரிகே இரைக்க இரைக்கப் பட்டியலைப் பொறுக்கி எடுத்து 9:58 என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: 'ஓட்டத்தின்போது, கேட்டைப் பூட்டுவதற்காகப் பட்டியல் எழுதுபவர் மைதானத்தின் குறுக்கே ஓட நேர்ந்தது.'

டெட்லெஃப் அதைப் படித்தார். கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அது ஆவென்று திறந்து கிடந்தது. சங்கிலியில் இரண்டு பூட்டும் சும்மா தொங்கின. பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.