படிக எல்லை

சோதனைக்காக உலைக்குள் இழுவிசையில் தொங்கிய நிக்கல் கலவைக் கம்பி மத்தியானமே அறுந்துவிட்டது. மாதக்கணக்கில் தாங்கியிருக்க வேண்டிய கம்பி. எடைக்கற்கள் விழுந்த சத்தத்தில் ஆய்வுக்கூடத்தில் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முறிந்த துண்டை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். உலோகத்தின் படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் கார்பைடு தனித்தனிப் பொட்டுகளாக இருந்திருக்க வேண்டும். கடும் சூட்டில் படிகங்கள் வழுக்காமல் பிடித்துக்கொள்பவை அவைதான். இங்கே அது ஒரே படலமாக ஓடியிருந்தது. படலத்தை ஒட்டி வரிசையாக ஊசித் துளைகள். பதப்படுத்தியபோது எங்கோ சூடு தப்பியிருக்கிறது.

அதே வார்ப்பில் செய்த பிளேடுகள் கீழே மின் நிலையத்தின் டர்பைனில் சில நாட்களாகச் சுழன்றுகொண்டிருந்தன. சோதனை முடியும்வரை காத்திருக்க மேலாளருக்குப் பொறுமை இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் அக்காவின் கணவர்தான் ஷிப்டில் இருந்தார்.

"அத்தான், மெஷினை நிறுத்துங்க."

"என்ன குட்டிம்மா, விளையாடறியா? வெண்ணெய் மாதிரி ஓடுது."

"கம்பி அறுந்துடுச்சு, அத்தான். உள்ள பூரா புரையோடிக் கிடக்கு."

அவர் சிரிப்பு நின்றது. மேலாளரைக் கேட்காமல் நிறுத்தினால் வேலைக்கே உலை. "வேலை போனா உங்க அக்காகிட்ட நீதான் பேசணும்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

மேலாளர் குதி குதியென்று குதித்தார். மறுநாள் டர்பைன் ஆறி, உறையைத் திறந்ததும் டார்ச்சை வாங்கிக் குனிந்தார். ஒரு பிளேடின் அடியில் மயிரிழை விரிசல். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

"இதே வார்ப்பு வேற எங்கயாச்சும் போயிருக்கா, சார்?"

மேலாளர் விரிசலிலிருந்து கண்ணை எடுத்தார். "மிச்சத்தைப் பக்கத்து ஊர் மின் நிலையத்துக்குக் கைமாத்தா குடுத்தேன்மா."

அவள் உடனே போன் போட்டாள். அங்கே ஓர் ஆபரேட்டர் எடுத்தான்.

"இப்பத்தாங்க முழு லோடு ஏத்தினோம். நிறுத்தணுமா? இருங்க, சார்கிட்ட கேட்டுட்டு வர்றேன்."

"கேக்காதீங்க, நிறுத்துங்க!"

அதற்குள் போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுமுனையில் டர்பைன் இரைந்தது. கொஞ்ச நேரத்தில் இரைச்சலோடு ஒரு கீச்சொலி சேர்ந்தது. பிளேடு உறையில் உரசும் சத்தம் அது என்று பக்கத்தில் நின்ற அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "ஓடுங்கடா! வெளியே ஓடுங்கடா!" என்று கத்தினார்.

லைன் கட்டானது.

சாயங்காலம் செய்தி வந்தது. டர்பைன் கூடத்தின் கூரையே இல்லையாம். அனுமதி கேட்கப் போன ஆபரேட்டர் மட்டும் பிழைத்திருந்தான்.