செல்லக்கிளிக்கு மாடி வந்த கதை

பேட்டையில் செல்லக்கிளி வீட்டுக்கு மாடி கிடையாது. முன்னறை, உள்ளறை, அடுக்களை, அவ்வளவுதான் வீடு. பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா, மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் மாடி எழுப்பினாள். எழுப்பியவள் படிக்கட்டைத் தன் வாசல் பக்கம் வைத்திருக்கக் கூடாதா? இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற முடுக்கில் கொண்டு வைத்தாள். ரோஸ் பெயிண்ட் மிச்சமிருக்கிறது என்று செல்லக்கிளி வீட்டுச் சுவருக்கும் அடித்துக் கொடுத்தாள். அந்த மாடி எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று தெருவிலிருந்து பார்க்கிறவனுக்குச் சத்தியமாகத் தெரியாது.

செல்லக்கிளியின் மகள் விஜயஸ்ரீக்கு அப்போது ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் கணேஷ்ராம், பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. முன்னால் வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்த பெண், இந்தப் போட்டோவைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அது போதாதா? இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போனால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று செல்லக்கிளி தரகரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"பொண்ணு பாக்க வருமுன்ன ஆள விட்டு வீட்ட நோட்டம் பாப்பாவ. நம்ம பக்கம் எல்லாரும் செய்யுததுதான். நீங்க தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்க" என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

தெரியாத மாதிரி இருப்பதெல்லாம் செல்லக்கிளிக்கு ஆகிற காரியமா?

இரண்டொரு நாளில் ஒருவர் வந்தார். தோளில் பை, கையில் செல்போன். வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எம்மா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியும் அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லாண்டாம், உள்ள வாங்க."

வந்தவர் உட்கார்ந்தார். வீடு யார் பெயரில், எப்போது கட்டியது, தரை என்ன கல் என்று கேட்டார்.

"உள்ளறை பூரா கிரானைட்டு. பாய் விரிச்சிருக்கதால தெரியாது."

"அந்த மாடி?"

"நம்மளுதுதான். பின்ன யாருக்கு?"

"வாடகைக்கு விட்டிருக்கியளா?"

"ஒரு டாக்டரு கேட்டுக்கிட்டே இருக்காரு. மருமவன் வந்தா போனா தங்கட்டுமேன்னு நாங்கதான் குடுக்கல."

எல்லாவற்றையும் அவர் செல்போனில் பதிந்துகொண்டார். செல்லக்கிளி சொல்வதை இத்தனை பொறுமையாக யாரும் கேட்டதில்லை. அவள் புருஷன் ஆவுடைநாயகம் தனியார் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் கத்திவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் வாயையும் திறக்க மாட்டார், காதையும் திறக்க மாட்டார். சந்தோஷத்தில் வந்தவருக்கு ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்து வைத்தாள்.

"எல்லாரும் வீட்டக் கொறச்சுத்தான்மா சொல்லுவாவ. நீங்க ஒருத்தர்தான் ஒளிவு மறைவு இல்லாம சொல்லியிருக்கிய" என்று மனமாரப் பாராட்டிவிட்டு அவர் போனார்.

அடுத்த வாரமே பையனின் அப்பா பெருமாள்ராஜ் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். நோட்டம் பார்க்க வந்த ஆளிடம் சொன்னபடியே இருக்க வேண்டுமே என்று செல்லக்கிளி இவரிடமும் மாடியைக் காட்டினாள். அவர் மட்டும் சளைத்தவரா? "நமக்கும் வீட்டு முன்னால ரெண்டு கடை வாடகைக்கு விட்டுக் கெடக்கு" என்றார். பிறகு இவர்கள் பாளையங்கோட்டைக்குப் போய் வீட்டையும் கடைகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

அந்தச் சூட்டோடு வந்தது வீட்டு வரி நோட்டீஸ். புதிதாக அளந்ததில் மாடி, கிரானைட் தரை எல்லாம் சேர்த்து வரி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஆவுடைநாயகம் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏட்டி, நம்ம வீட்டுக்கு ஏது மாடி?"

முந்திரிக்கொத்து தின்றுவிட்டுப் போனது வரி போட வந்த பில் கலெக்டர் என்று செல்லக்கிளிக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்ல வந்தவன் வாயை அடைத்தது யார் என்பதை அவள் நினைக்கவில்லை. பாத்திமா வேறு முடுக்கில் நின்று சிரித்தாள்.

"ஏ செல்லக்கிளி, எம் மாடிக்கு நீ வரி கட்டுதியாமே! எனக்கு மாடியே இல்லன்னு கொறச்சுப் போட்டிருக்கான். அல்லா ஒன்னய நல்லா வச்சிருக்கட்டும்."

"சிரிக்காதிய பாத்திமாக்கா, வவுறு எரியுது."

பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் சேர்த்து மாநகராட்சி நடத்துகிற குறைதீர் முகாமில் போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்களாம். ஆனால் மாடி இல்லை என்று ஊரறியச் சொன்னால், அது பாளையங்கோட்டைக்குப் போகாமலா இருக்கும்? விஜயஸ்ரீயோ கல்யாணப் புடவைக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கிறாள். செல்லக்கிளி மனுவை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாள். கடைசியில், இரண்டு கடைக்குச் சொந்தக்காரரான பெரிய மனுஷர் வரி குறைக்கச் சொல்லி எங்கே வரப்போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புருஷனோடு முகாமுக்குப் போனாள்.

முகாமில் கூட்டம் நெரிந்தது. அதிகாரி கையில் மைக். முன்வரிசையில் யார் என்று பார்த்தால், பெருமாள்ராஜ்! ஆத்தாடி! செல்லக்கிளி முந்தானையை இழுத்து முகத்தை மூடுவதற்குள் மைக்கில் அவள் பெயர் முழங்கியது.

"செல்லக்கிளி யாரும்மா? மாடி ஒங்களுது இல்லன்னு எழுதியிருக்கிய. கேட்டப்ப ஒங்களுதுன்னு சொல்லியிருக்கியளே. எது நெசம்?"

பெருமாள்ராஜ் திரும்பிப் பார்த்தார். எங்களுதுதான் சார், தெரியாமல் எழுதிவிட்டோம் என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வரி போனால் போகட்டும். ஆனால் தலை தீபாவளிக்கு மருமகன் வந்து, "அத்தே, நான் மாடியில படுத்துக்கிடுதேன்" என்றால்? பாத்திமா வீட்டுக் கதவைத் தட்டுவதா? அப்போது புருஷன் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போவது யார்? தன் மகள்தானே. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டது.

"மாடி எங்களுது இல்ல சார். மாப்பிள வீட்டு ஆளுன்னு நெனச்சுப் பொய் சொல்லிட்டேன். எம் பிள்ள வாழணும்னுதான் சொன்னேன்."

பக்கத்தில் நின்ற பில் கலெக்டருக்கு மனசு ஆறவில்லை. "அப்ப அந்தக் கிரானைட்டு?"

"அதுவும் கெடையாது. பாய்க்கு அடியில சிமெண்டுதான்."

"சரி, அழாதிய. நேர்ல வந்து பாத்துக்கிடுதோம்" என்றார் அதிகாரி. "வீட்டத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். யாரு இருக்கா?"

செல்லக்கிளி கூட்டத்தில் தெரிந்த முகம் தேடினாள். பிறகு பெருமாள்ராஜ் மெதுவாக எழுந்து மேசைக்கு வந்தார்.

"ஒங்க மொறை இன்னும் வரல அண்ணாச்சி" என்று அதிகாரி மைக்கிலேயே சொன்னார். "முன்னால இருக்க ரெண்டு கடையும் தம்பிக்குப் பாத்தியம், ஒங்களுது இல்லங்கிற மனுதானே? உக்காருங்க, கூப்பிடுதேன்."

செல்லக்கிளியின் அழுகை சட்டென்று நின்றது. ஆவுடைநாயகம் வாயைப் பிளந்தார். பெருமாள்ராஜின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் உட்காரவில்லை.

"அது பொறவு இருக்கட்டும் சார். இந்தம்மா வீட்ட நான் பாத்திருக்கேன். கையெழுத்து நான் போடுதேன்."

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

கையெழுத்துப் போட எடுத்த பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. பெருமாள்ராஜ் செல்லக்கிளியைப் பார்த்தார்.

"சம்பந்தின்னு எழுதிக்கிடுங்க சார்" என்றார். "ஆவணியில கல்யாணம்."

செல்லக்கிளி முந்தானையால் கண்ணையும் மூக்கையும் அழுந்தத் துடைத்தாள்.

"அந்தப் பேனாவ இங்கன குடுங்க அண்ணாச்சி. ஒங்க கடைக்கு நான் போடுதேன்."