மார்கழிப் புழு

கோழிக்குப் புழு வளர்க்கலாம் என்று கிளப்பிவிட்டது அஸ்மத்துன்னிசா இல்லை. சாந்தோமில் வீட்டுப் பின்பக்கம் எண்பது கோழி வைத்துக்கொண்டு, தவிடும் கருவாட்டுத் தூளும் போட்டு, முட்டையைப் பக்கத்துத் தெரு பேக்கரிக்குக் கொடுத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு இருந்தவள் அவள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஸ்ரீரங்கன் வந்து சேர்ந்தார். காலேஜில் பூச்சிப் பாடம் நடத்தி ரிட்டயரான மயிலாப்பூர்க்காரர். முட்டையைக் கையால்கூடத் தொடாதவர்.

"அஸ்மத்தம்மா, கல்யாண மண்டபத்துல எவ்வளவு சாதம் வீணாப் போறது பாருங்கோ. அதுல ஈ வந்து முட்டை வச்சா அஞ்சே நாள்ல புழு. கோழிக்கு அதைவிட ஒசத்தியான தீனி ஏது?"

மூன்று பீப்பாய் வந்தது. மண்டபத்து எச்சில் தினமும் கைவண்டியில் வந்தது. புழுவும் வந்தது, பொய் சொல்லக்கூடாது, உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி வந்தது. கோழிகள் அதைத் தின்றுவிட்டு முட்டையாகப் போட்டுத் தள்ளின. பீப்பாயின் அடியில் மிஞ்சிய கறுப்பு எருவை ஸ்ரீரங்கன் தன் ரோஜாத் தொட்டிகளுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனார். புழு கோழிக்கு, எரு அவருக்கு, நாற்றம் மட்டும் அவளுக்கு. அக்கம்பக்கத்தில் அவள் வாங்காத பேச்சில்லை.

மார்கழி இரண்டாம் தேதி திறந்து பார்த்தால் இரண்டு பீப்பாய் காலி. மூன்றாவதில் இருந்தது நாலைந்து நாளைக்குத்தான் வரும். கைவண்டி வந்து மூன்று நாளாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டதில் கருவாடும் கிடைக்கவில்லை. வெறும் தவிட்டை வைத்தால் கோழிகள் ஒரு கொத்து கொத்திவிட்டு நகர்ந்துவிட்டன. பேக்கரிக்காரரோ, கிறிஸ்துமஸ் தொடங்கி நியூ இயர் வரைக்கும் தினம் ஐம்பது முட்டை வேண்டும், ஒரு நாள் தவறினாலும் லாரி முட்டைக்கு மாறிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவரை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

பளிச்சென்ற நாமத்தோடு ஸ்ரீரங்கன் வந்தார்.

"வண்டி இன்னாத்துக்கு சார் வரல?"

"மார்கழியோன்னோ? மார்கழில யார் கல்யாணம் பண்ணுவா?" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

அஸ்மத்துன்னிசாவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. விடியற்காலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுகிற மனிதர்! ஈ எத்தனை மணிக்கு முட்டை வைக்கிறது என்பதுவரை நோட்டில் எழுதியவர், மார்கழியை எழுத மறந்துவிட்டார்.

"சரி, மார்கழில உங்க ஜனமெல்லாம் எங்கதான் சாப்டுது?"

"சபா கேன்டீன்ல. கச்சேரி நடக்கறதே."

"அப்ப போய் ரெண்டு பக்கெட் எச்சில் வாங்கினு வாங்க. இன்னிக்குப் போட்டாதான் அஞ்சாம் நாளு புழு."

"நானா? அங்கே எல்லாம் தெரிஞ்சவா. என் சம்பந்தியே தினம் வரார். பக்கெட்டைத் தூக்கிண்டு எப்படிம்மா..."

புழுவைத் தொடக் கூசாத மனிதர் சம்பந்திக்குக் கூசினார். அவள் புர்காவை மாட்டிக்கொண்டு, பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு, தானே கிளம்பினாள்.

கேன்டீன் பின்வாசலில் வாட்ச்மேன் துரைராஜ் குறுக்கே நின்றான். "வெளியாளுக்கு எதுவும் தரக்கூடாதுன்னு ஆர்டர். கெளம்பு."

"குப்பைல கொட்றதுதான நைனா?"

"குப்பைல கொட்டுவோம். உனக்குத் தர மாட்டோம். நீ யாரு, எவருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

கால் மணி நேரம் கெஞ்சினாள். அப்போது குழாயடிக்குக் கை கழுவ வந்தார் ஸ்ரீரங்கன். பக்கத்தில் சம்பந்தி.

"அதோ, அந்த சாரைக் கேளு. அவருக்கு என்னைத் தெரியும்."

துரைராஜ் கேட்டான். ஸ்ரீரங்கன் குழாயைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"தெரியும்ப்பா. நம்மாத்துத் தோட்டம் பெருக்கறவ. ரோஜாச் செடி எருவுக்குக் கேக்கறா, குடுத்தனுப்பு." அதோடு விட்டாரா? "ஏய், மாமிகிட்ட நான் வர நேரமாகும்னு சொல்லிடு."

காலையில் அம்மா என்றவர்! அஸ்மத்துன்னிசாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கெட்டையும் அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்றிருந்தது. ஆனால் பக்கெட்டுகள் காலி. எண்பது கோழியை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். துரைராஜ் உள்ளே போய், சாம்பார் சாதமும் வடைத் துண்டுகளுமாக முதல் பக்கெட்டை நிரப்பினான், அப்புறம் இரண்டாவதை. அதுவரைக்கும் அவள் அசையவில்லை.

இரண்டும் கைக்கு வந்ததும், சம்பந்தி காதில் நன்றாக விழும்படி சொன்னாள்: "வரேன் சார். கோழிங்க உங்க புழுவைத் தின்னுட்டு எத்தினி முட்டை போட்டுச்சுன்னு மாமி கைலயே வந்து சொல்லிட்றேன்."

"என்ன கோழி? என்ன புழு? இவ என்ன சொல்றா?" என்று சம்பந்தி கேட்பது பின்னால் கேட்டது. பதில் கேட்க அவள் நிற்கவில்லை. பக்கெட் கனத்தது, இருட்டுவதற்குள் பீப்பாயில் கொட்டியாக வேண்டும்.