ஆழ்வார்குறிச்சியில் கடலேற்றம்

ஆழ்வார்குறிச்சி வாழைக்காய் வியாபாரி ஆவுடைநாயகத்தின் புது வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசை தினமும் இரண்டு முறை தரையை விட்டு எழும்பி, மேலே சற்று நேரம் நின்றுவிட்டு, பைய இறங்கிவிடும். தொலைவில், உவரிக் கரையில் கடல் ஏறும்போது அது ஏறும், கடல் வற்றும்போது இறங்கும். சாதாரண நாட்களில் ஆள் உயரம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மேல் ஜன்னல் வரை. உவரியில் கடல் முழங்கால் அளவு ஏறினாலே இங்கே மேசை ஆள் உயரம் ஏறுவது எதனால் என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். மலையடிவாரக் காற்றுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஆவுடைநாயகத்தின் மைத்துனர் விளக்கம் சொன்ன பிறகு யாரும் கேட்கவில்லை. மேசையோடு சேர்த்தே இருபுறமும் பெஞ்சுகள் பூட்டியிருப்பதால் உட்கார்ந்திருப்பவர்களும் கூடவே போய்விட்டுக் கூடவே வருவார்கள்.

அதை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் பாளையங்கோட்டை கெசியா. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வது அவள் தொழில். சென்னையில் அதற்கென்று படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவளோடு படித்தவர்கள் எல்லாம் கைபேசியில் படம் பார்த்து நாற்காலியும் திரைச்சீலையும் வரவழைத்துக்கொண்டிருக்க, கெசியாவுக்கு மட்டும் அது கைவரவில்லை. பஸ் ஏறி எங்காவது போக வேண்டும், ஏதாவது ஒன்றின் முன்னால் நிற்க வேண்டும், அது அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும், அப்போதுதான் வாங்குவாள். இதில் ஒரே குறை, அவள் வாங்கி வரும் பொருட்கள் பிறந்த இடத்தை மறப்பதில்லை. பத்தமடையில் வாங்கிய ஒரு பெரிய கோரைப் பாயை ஒரு பல் மருத்துவரின் அறைச் சுவரில் மாட்டினாள். காத்திருப்பவர்கள் அதில் சாய்ந்ததும் தூங்கினார்கள். மருத்துவர் முதலில் சந்தோஷப்பட்டார். தூங்கியவர்களை நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டு போய், தூக்கத்திலேயே அவர்களுக்குப் பல் பிடுங்க வேண்டியதானபோது பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குற்றாலத்தில் இடித்த ஒரு பழைய விடுதியின் ஜன்னலை மகாராஜநகரில் ஒரு வங்கி அதிகாரி வீட்டில் பொருத்தினாள். ஆனி பிறந்ததும் அந்த ஜன்னல் வழியாக மட்டும் சாரல் அடித்தது. அதிகாரிக்குச் சளி பிடித்ததோடு போயிருந்தால் பொறுத்திருப்பார். மதுரையிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டோடு வந்து ஜன்னலுக்கு முன் வரிசையில் நிற்கத் தொடங்கியதும் அதையும் கழற்றச் சொன்னார்.

வண்ணார்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருந்த அவளுடைய பெரியப்பா மகன் ஹெப்ரான், இன்னும் ஒரு வேலை இப்படிப் போனால் கடையில் வந்து உட்கார்ந்துவிடு, உனக்கென்று நாற்காலி போட்டிருக்கிறேன் என்று அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நாற்காலி பிளாஸ்டிக் நாற்காலி. கெசியாவுக்கு அதை நினைத்தாலே இடுப்பு வலித்தது. அந்தச் சமயத்தில்தான் ஆவுடைநாயகம் அவளைக் கூப்பிட்டுப் புது வீட்டை ஒப்படைத்தார். மகள் பொன்செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கப்போவதால் வீடு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், மற்றபடி உன் இஷ்டம் என்றார்.

கெசியா வீட்டை அளந்துவிட்டுக் கொச்சிக்கு ரயில் ஏறினாள். அங்கே ஒரு பழைய மிளகுக் கிடங்கில் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு படத்தின் முன்னால் அவள் கிடங்கைப் பூட்டும் வரை நின்றாள். அறுவடை முடிந்த வயலின் நடுவே ஒரு படகு, அதற்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வரைந்தவர் யார் என்று பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக உவரிக்குப் போனாள். ஃபைபர் படகுகள் வந்த பிறகு கரையில் கவிழ்ந்து கிடந்த, கித்தேரியான் என்ற பழைய மீனவரின் மர வள்ளத்தில், நீலத்துக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் மஞ்சள் என்று வருஷா வருஷம் பூசிய சாயமெல்லாம் உரிந்து, எல்லா நிறமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கித்தேரியான் வாய்ச்சொல்லில் வல்லவர். இந்த வள்ளம் ஒரு தடவை தன்னைக் கேட்காமலேயே மணப்பாடு போய்த் திரும்பியது என்றார். விலை ஏற்றுவதற்காகச் சொல்கிறார் என்று கெசியா நினைத்தாள். அவரும் அதற்காகத்தான் சொன்னார். பேட்டையில் தச்சர் முகம்மது இப்ராஹிம் அந்த வள்ளத்தின் பலகைகளைப் பிரித்து மேசையும் பெஞ்சுமாக இணைத்தார். காலையில் தூக்க முடியாத பலகை மத்தியானம் ஒரு விரலுக்கு வருகிறதே என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது. தனக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது என்று முடிவு செய்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மேசை எழும்புவதை முதலில் கண்டவள் ஆவுடைநாயகத்தின் மனைவி கோமதி. பால் காய்ச்சிக் குடிவந்த வாரம், எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது அவளோடு கிளம்பியது. அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேல் ஜன்னல் உயரத்துக்கு வந்ததும் வயலும் அதற்கப்பால் கடனா நதியும் மலையும் தெரிந்தன. மேசை இறங்கியதும் மிச்ச இடத்தையும் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் முக்கால் மணி நேரம் பிந்தி எழும்பும் என்பதைத் தானே கண்டுபிடித்து, ஆளில்லாத நேரமாகப் பார்த்து, ஒரு தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். முட்டைகூட ஏறாத அந்த வீட்டில் ஓர் அமாவாசையன்று பெஞ்சுக்கு அடியில் ஒரு சாளை மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. அதை முறத்தில் தள்ளி எதிர்வீட்டுப் பூனைக்குக் கொடுத்து, சாம்பிராணி போட்டுவிட்டாள்.

ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்தது ஒரு காலை நேரத்தில். காப்பியை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பினால் காப்பி தலைக்கு மேலே இருந்தது. அவர் கோபக்காரர் இல்லை, ஒழுங்குக்காரர். கெசியாவை அழைத்துக் கேட்டார். அவளும் நின்று பார்த்தாள். கீழிருந்து பார்க்கையில் சாயம் உரிந்த அடிப்பக்கம் அழகாகத் தெரிவதாக அவளுக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தென்காசியிலிருந்து வரப்போகிறார்கள், அவர்கள் முன்னால் மானம் போகக் கூடாது என்றார் ஆவுடைநாயகம். மேசை கடலோடுதான் ஏறி இறங்குகிறது என்று பிடிபட்ட கெசியா, கித்தேரியானுக்குப் போன் போட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் எப்போது ஏறும் என்று கேட்டாள். கித்தேரியான் கடலுக்குப் போவதை விட்டு வருஷக்கணக்காயிற்று. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பதால், பொழுது சாயும் வரை அசையாது என்று அடித்துச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆவுடைநாயகம் மேசையின் கால்களில் அரிசி மூட்டைகளையும் கட்டிவைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். கேசரி வைத்ததும் மேசை கிளம்பியது. அரிசி மூட்டைகளும் கிளம்பின. மாப்பிள்ளையின் மாமா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், கூரை விளக்கின் வயர் அருகில் வந்ததும் வேலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். அவருடைய அம்மா கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மேல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பித் தட்டோடு வந்த பொன்செல்வி கீழேயே நின்றுவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களைப் பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடல் வற்றும் வரை இருவருக்கும் வேறு வேலையும் இல்லை. இறங்கியதும் அவர்கள் ஊருக்குப் போய்த் தகவல் சொல்லுவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா காருக்குள்ளிருந்தும் அந்த மேல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனார்.

சம்பந்தம் போயிற்று என்று ஆவுடைநாயகம் முடிவு செய்தார். மறுநாளே கெசியாவைக் கூப்பிட்டு மேசையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கெசியா கித்தேரியானையும் ஒரு மினி லாரியையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வரும் வழியில் டைல்ஸ் கடை நாற்காலிக்கு ஒரு தலையணை தைத்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்து பார்த்தால் கோமதி மத்தியானச் சமையல் பாத்திரங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தனக்கு ஓர் இலை போட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“கோமதி, எந்திரி. ஆளுக வந்திருக்காவ” என்றார் ஆவுடைநாயகம்.

கோமதி கெசியாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள். “ஏ பிள்ள, இத எதப் பாத்து வாங்கணும்னு தோணுச்சு உனக்கு?”

கெசியா கொச்சிப் படத்தைப் பற்றிச் சொன்னாள். “அந்தப் படத்துல எல்லாரும் உக்காந்து சாப்பிடுதாங்கக்கா. ஒரு பொம்பளகூட நிக்கல. எத்தனையோ படம் பாத்திருக்கேன், அப்படி ஒண்ணப் பாத்ததே இல்ல.”

கோமதி தலையை ஆட்டினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து உங்க உச்சந்தலையப் பாத்துத்தான் சோறு போடுதேன். இதுல ஏறுனாத்தான் ஒருத்தரும் ‘அத எடு, இத எடு’ன்னு என்னைய எழுப்ப முடியாது. மேசை உவரிக்குப் போனா நானும் போறேன். கித்தேரியான் அண்ணாச்சி, உங்க வீட்டுல ஒரு ரூம்பு இருக்குமா?”

இருக்கும் என்றார் கித்தேரியான். அவருக்கு இருந்ததே ஓர் அறைதான்.

அதற்குள் மேசை அசைந்தது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் என்பதால் வேகமாகவே போனது. சோறும் குழம்பும் கூட்டும் அப்பளமும் கோமதியும் மேலே போய்விட்டார்கள். கீழே ஆவுடைநாயகம், கெசியா, கித்தேரியான், லாரிக்காரர் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். மேலிருந்து அப்பளம் நொறுங்கும் சத்தம் வந்தது. ஆவுடைநாயகத்துக்குப் பசி. அதைவிட, மனைவி சாப்பிடும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறோம் என்பது அவரை என்னவோ செய்தது. பக்கத்து வீட்டில் வயரிங் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே போய் ஏணியைக் கேட்டு வாங்கி வந்து தானே ஏறினார். கித்தேரியான் கீழே நின்று எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார். ஆவுடைநாயகம் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, தன் இலையைத் தானே போட்டு, தானே சோறு வைத்துக்கொண்டார். மேசை சற்று ஆடி, நேராயிற்று.

வெகு நேரம் அவர் மனைவியின் இலையைப் பார்த்தார். குழம்பில் கிடந்த கத்திரிக்காயை எல்லாம் அவள் ஓரமாக ஒதுக்கியிருந்தாள்.

“உனக்குக் கத்திரிக்கா பிடிக்காதா?”

“பிடிக்காது.”

“பின்ன ஏன் தெனமும் வைக்க?”

“உங்களுக்குப் பிடிக்கும்லா.”

ஆவுடைநாயகம் அவள் ஒதுக்கியதை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார். தனக்கு அவ்வளவாகக் கத்திரிக்காய் பிடிக்காது, முதல் மாதத்தில் மரியாதைக்காக ஒருமுறை நன்றாயிருக்கிறது என்று சொன்னதுதான் என்பதைக் கடல் வற்றத் தொடங்கும்போது மெல்லச் சொன்னார். கோமதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மோர்ச் செம்பு உருண்டு லாரிக்காரர் மேல் விழுந்தது. விளிம்பு வழியாகத் தலையை நீட்டி, “லாரியத் திருப்பிக் கொண்டு போங்க வே” என்றார் ஆவுடைநாயகம்.

அந்த வாரக் கடைசியில் தென்காசியிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது, அவ்வளவு நேரம் யாரும் தன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை என்கிறார் என்றார்கள். பொன்செல்வியும் சரி என்றாள். பேசி முடித்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா போனை வாங்கி, அந்த மேசை செய்த பிள்ளையின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் வீட்டில் கூரை தாழ்வு, ஆகவே ரொம்ப ஏறாத மாதிரி ஒன்று போதுமாம். கெசியா அவர்களுக்காக உவரிக்கும் கூடங்குளத்துக்கும் நடுவே கரையெல்லாம் அலைந்து, கடலுக்குள் போகாமல் உப்பங்கழியில் மட்டுமே ஓடிய ஒரு சின்னத் தோணியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அது முழங்கால் உயரத்துக்கு மேல் போவதில்லை. ஹெப்ரான் அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். கெசியா இப்போது வேலை எடுக்கும் முன் கூரையின் உயரத்தைக் கேட்டுக்கொள்கிறாள்.

ஆவுடைநாயகம் வீட்டில் சாப்பாட்டு நேரம் நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும். சில நாள் மத்தியானச் சாப்பாடு காலையிலேயே முடிந்துவிடும். உறவினர்கள் போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டு பேரும் கத்திரிக்காய் சாப்பிடுவதில்லை. வயரிங்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், வீட்டுக்கென்று ஓர் ஏணி வாங்கக் கோமதி சம்மதிக்கவில்லை. ஆகவே மேசை ஏறிவிட்டால், மறந்துபோன எதையும் எடுக்க யாரும் இறங்க முடியாது. ஒரு நாள் உப்பு இல்லாமலும் ஒரு நாள் தண்ணீர் இல்லாமலும் சாப்பிட்ட பிறகு, பிறந்ததிலிருந்து ஒரு தம்ளரை இடம் மாற்றி வைத்தறியாத ஆவுடைநாயகம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கும் மேசைக்குமாக நடந்து உப்பு, ஊறுகாய், மோர், தண்ணீர்ச் செம்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கிறார். கோமதி இலை முன்னால் உட்கார்ந்து, அவர் வரும் வரை காத்திருக்கிறாள். பலகை லேசாக அசையும்போது அவர் கடைசி ஆளாக ஏறி உட்காருகிறார்.