விளம்பரத்தில் கை வைக்காதே

கம்பத்தில் ஒரு மாடியறையில் இருந்த ‘பள்ளத்தாக்குச் செய்தி’ நாளிதழ் அலுவலகத்தில் அன்று காலை இருந்தவர்கள்: முதலாளி ஈஸ்வரபாண்டி, பக்கம் வடிவமைக்கும் முத்துக்குமரன், போனில் விளம்பரம் வாங்கும் பாஜிலா, சுருளிப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் கர்ணன். மேசைமேல் ஒரு திராட்சைக் கொத்து கிடந்தது. கர்ணன் அதை அந்தப் பேப்பரிலேயே சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பிஞ்செல்லாம் காம்போடு கருகியிருந்தன.

“பத்து லிட்டர் தண்ணிக்கு அம்பது மில்லி மருந்துன்னு வெளம்பரத்துல போட்டிருந்தீக. அஞ்சு மில்லியாம்ல?” என்றார் கர்ணன்.

“பாட்டில்ல பாக்கலயாண்ணே?” என்றார் ஈஸ்வரபாண்டி.

“பாட்டில்ல இங்கிலீசுல கொசு முட்டையாட்டம் எழுதியிருக்கு. ஒங்க பேப்பர்ல தமிழ்ல கொட்ட எழுத்து. எதப் படிப்பேன்?”

ஈஸ்வரபாண்டி முன்பு பிட் நோட்டீஸ் அடித்தவர். வாங்கிய கையோடு எல்லாரும் அதைக் கசக்கி எறிந்தார்கள். நோட்டீசைச் சுற்றி நாலு செய்தி போட்டால் எறியமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் இந்த இலவச நாளிதழ். தேனியில் அச்சாகி, விடியலில் முதல் பஸ்களில் ஏறி டீக்கடைக்கு டீக்கடை இறங்கும். அணை நீர்மட்டம், ஏலக்காய் விலை, யார் வீட்டுச் சாவு என்று மதுரைப் பேப்பர் போடாததையெல்லாம் போடும். ஊரே அதை ஓசிப் பேப்பர் என்றுதான் சொன்னது. ஆனால் ஊரே நம்பிப் படித்தது.

அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. விளம்பரத்தில் கை வைக்கக் கூடாது. வந்ததை வந்தபடி போட வேண்டும்.

சனிக்கிழமை அந்தப் பூச்சிமருந்து விளம்பரம் வந்தபோதே முத்துக்குமரன் பார்த்தான். அவனும் அனுமந்தன்பட்டியில் பந்தலுக்கடியில் வளர்ந்தவன்தான். ஐம்பது என்பது கண்ணை உறுத்தியது. சட்டம் நினைவுக்கு வந்தது. யாரையும் கேட்கவில்லை. பக்கத்தை அனுப்பிவிட்டுப் பரோட்டா தின்னப் போனான்.

“ரெண்டு வரி திருத்தம் போடுங்க. அது போதும்” என்றார் கர்ணன்.

“ஓசியா குடுக்குறதுக்குத் திருத்தமாண்ணே? மருந்துக்கடைக்காரரு நாளைக்கே விளம்பரத்த நிறுத்திப்புடுவாரு. ஒங்க மக கல்யாணத்துக்கு அரைப்பக்கம் வாழ்த்து போட்டுத் தர்றேன். காசு வேணாம்.”

“என் கொத்து போச்சு, விடுங்க. மேக்குப் பந்தல்காரக இன்னைக்குச் சாயங்காலமும் நாளைக்கும் தெளிப்பாக. அவுகளுக்காகத்தான் கேக்குறேன்.” கர்ணன் முத்துக்குமரன் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ அனுமந்தன்பட்டிதான? ஒனக்குமா தெரியல?”

முத்துக்குமரன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கர்ணன் கொத்தை எடுக்காமல் இறங்கிப் போனார்.

அன்று மதியம் மறுநாளைக்கான பக்கத்தைக் கட்டும்போது, அணை நீர்மட்டச் செய்திக்குக் கீழே முத்துக்குமரன் இரண்டு வரித் திருத்தம் சேர்த்தான். மூன்று மணிக்குச் சரிபார்க்க வந்த ஈஸ்வரபாண்டி அதில் விரலை வைத்தார்.

“யாரக் கேட்டுடா போட்ட?”

“சனிக்கெழமயே பாத்தேன் மொதலாளி. தப்புன்னு தெரியும். சட்டம்னு விட்டுட்டேன்.”

பாஜிலா தலை நிமிர்ந்தாள். “பாத்துட்டா சும்மா இருந்தீக? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கடைக்குப் போன் அடிச்சிருப்பேனேண்ணே!”

“ஏலே, கை வைக்காதன்னுதான் சொன்னேன், வாயத் தொறக்காதன்னா சொன்னேன்?” என்றார் ஈஸ்வரபாண்டி. “அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும். இப்பப் போட்டா கடையும் போகும், பேப்பரும் போகும். நாளையிலருந்து அஞ்சுன்னு மாத்திப் போடு. திருத்தம் கிடையாது.”

அவரே இரண்டு வரியையும் அழித்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று முத்துக்குமரனுக்குத் தெரிந்தது. சனிக்கிழமையே வாய் திறந்திருக்கலாம். மணி மூன்றே கால். வெயில் தாழ்ந்ததும் மருந்து கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். சுருளிப்பட்டி பஸ்ஸைப் பிடித்தால் நாலைந்து பந்தலுக்காவது நேரில் சொல்லலாம். மற்ற ஊர்களுக்கு முடியாது. ஐம்பது மில்லியோ மூன்று நாளாக எல்லா ஊருக்கும் போயிருந்தது.

மேசைமேல் கிடந்த கொத்தை எடுத்துக்கொண்டான்.

“பக்கத்த முடிக்காமப் போனா அப்பிடியே போயிரு. இங்கன வராத” என்றார் ஈஸ்வரபாண்டி.

அவன் வாசலைத் தாண்டினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. இரண்டாவது படியில் கால் வைக்கும்போது பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.