கொம்பு விழுந்த மான்

அஸ்தினாபுரம் தெருமுனையில் மின்கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார் ஏசுபாதம். எழுபத்து நான்கு வயது. வேட்டியில் ஒரு மடிப்பும் கலையவில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் பேனர் சரிந்தது. நேற்று மாலை இறந்துபோன தம்பி டேனியலின் சிரித்த முகம் மண்ணில் விழுந்தது.

தம்பி மகள் கிறிஸ்டினா ஓடிவந்தாள்.

"பெரியப்பா! என்ன பண்றீங்க? தெருவே பாக்குது."

"பாக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரன் பேரு வரைக்கும் போட்டிருக்கீங்க. கூடப் பொறந்தவன் எம்பேரு எங்கடி?"

"தாத்தா கல்லறையில எங்கப்பா பேரு எங்க, பெரியப்பா?"

அவருக்குக் கையை ஓங்கத் தோன்றியது. பதினொரு வருடங்களுக்கு முன் அப்பாவின் கல்லறைக் கல்லில் 'அன்பு மகன் ஏசுபாதம்' என்று மட்டும் வெட்டச் சொன்னவர் அவர்தான். அவர் ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்தவர். டேனியலுக்கு மிருகக்காட்சிசாலையில் மான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "மான் சாணி அள்ளுறவன் பேரு கல்லுல எதுக்கு?" என்று சபையார் முன்னால் கேட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

"எம்பேரோட வேற பேனர் அடிச்சு மாட்டு. இல்லன்னா நாலு மணிக்கு நான் கல்லறைக்கு வரமாட்டேன்."

"வராதீங்க."

அவள் போய்விட்டாள். ஏசுபாதம் பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பந்தலில் போய் உட்கார்ந்தார். அதை மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடக்கம் முடியும்வரை வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து இட்லியும் காப்பியும் வந்தன. இரண்டு முறை தட்டைத் தள்ளினார். "இந்த வாசல்ல பச்சைத் தண்ணி தொடமாட்டேன்." சர்க்கரை நோய்க்காரர். மதியத்துக்குள் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

டேனியலோடு வேலை பார்த்த தசரதன், காக்கிச் சட்டையோடு வந்து கண்ணாடிப் பெட்டிக்கு மாலை போட்டார். ஏசுபாதம் யாரென்று தெரியாமல் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டேனியல் அண்ணன் கையால வளந்த கெடா மான் ஒண்ணு கீது சார். குளிர் முடியற வரைக்கும் அத்த புடிக்க முடியாது. எல்லாத்தையும் முட்டித் தள்ளும். மாசி வந்து கொம்பு ரெண்டும் வுயுந்துச்சுன்னா ஆளே மாறிடும். எலும்பும் தோலுமா மூலையில போய் நின்னுக்கும். பசிக்கும், ஆனா நாலு மான் பாக்க தொட்டிக்கு வராது. அவ்ளோ மானம்!"

"மிருகத்துக்கு என்னய்யா மானம்?"

"நானும் அதான் கேட்டேன். அண்ணன் தழைய ஒடிச்சு அதும்பக்கத்துல வெச்சுட்டு முதுக காட்டினு நிப்பாரு. திரும்பிப் பாத்தா துன்னாது சார். அரை மணி ஆனாலும் அப்டியே நிப்பாரு. அத்த 'அண்ணாத்தே'ன்னுதான் கூப்புடுவாரு. ஏன்னு கேட்டா, 'எங்கண்ணன் இப்டித்தான்டா'ன்னு சிரிப்பாரு." தசரதன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அவருக்கு இன்னா வேணும் சார்?"

ஏசுபாதத்துக்குக் காது இரண்டும் கொதித்தன. பதினொரு வருடங்களாக ஒரு மிருகத்தை அவர் பெயர் சொல்லாமல் சொல்லி அழைத்திருக்கிறான். அத்தனை வேலைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். எழுந்து போய்ப் பெட்டியைத் தட்டி, "எழுந்திருடா" என்று அதட்ட வேண்டும் போலிருந்தது. கண்ணாடியில் பனி படிந்து தம்பியின் முகம் சரியாகத் தெரியவில்லை.

தசரதன் எழுந்து போனார். காப்பித் தம்ளர்களோடு அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்த கிறிஸ்டினாவை அப்போதுதான் ஏசுபாதம் பார்த்தார். அவள் உள்ளே போனாள். ஒரு தட்டில் இரண்டு இட்லியோடு திரும்பி வந்து, காலியான நாற்காலியில் வைத்தாள். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"போடி அந்தப் பக்கம்," என்றார்.

அவள் அசையவில்லை.

மூன்று மணி ஆகியிருந்தது. சவ வண்டி தெருவுக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஏசுபாதம் அவளுடைய முதுகையே வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேனரை நாற்காலிக்கு அடியில் வைத்தார். தட்டை வைத்துக்கொள்ள மடியில் இடம் வேண்டியிருந்தது.